சிவப்பு நூல் கட்டிய குப்பிகள்

டாக்டரம்மா,

இன்று காலை மருந்தகத்தில் சந்தனம் குழைத்தேன். நாளை ஆயுத பூசைக்கு லீவு. எப்போதும்போல முதல் நாளே பூசையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான். கிண்ணத்தில் தண்ணீர் விட்டு விரலால் கலக்கியதும் வாசனை எழுந்தது. ஊரில் எல்லாருக்கும் அது கோயில் வாசனை, கல்யாண வாசனை. எனக்கு அப்படி இல்லை. அந்த வாசனை வந்தால் மாடு மூச்சை இழுக்கிற சத்தம் காதில் கேட்கும். நீங்கள் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, துப்பட்டாவால் குப்பி குப்பியாகத் துடைப்பது கண்ணில் தெரியும்.

கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நீங்கள் சொல்லாதே என்று சொன்ன ஒன்றை நான் சொல்லிவிட்டேன். எனக்கு எழுத வருவது குறைவு. ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் படாளம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்தபோது நான் அங்கே பெருக்கித் துடைக்கிறவள். தினக்கூலி. பேப்பரில் என் வேலை அவ்வளவுதான். ஆனால் கம்பவுண்டர் அண்ணன் கிராமங்களுக்குப் போய்விட்டால் மாட்டைப் பிடிக்க, தண்ணீர் கொண்டுவர, மருந்து எடுத்துக் கொடுக்க எல்லாம் நான்தான். செங்கல்பட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினீர்கள். முதல் நாளே ஒரு நீள ட்ரேயை எடுத்து மேசைமேல் வைத்து, "இது எப்பவும் இங்கதான் இருக்கணும், அக்கா. பீரோவுக்குள்ள போகக் கூடாது" என்றீர்கள்.

அதுவரை அந்த அவசர மருந்தெல்லாம் பீரோவில் பூட்டித்தான் இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவதற்குள் ஆடு செத்துவிடும். நீங்கள் எனக்கு ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினீர்கள். மருந்து அடித்த புல்லைத் தின்றுவிட்டு நுரை தள்ளிக்கொண்டு வருகிற மாட்டுக்கு இது. வீக்கத்துக்கு இது. உடம்பெல்லாம் தடித்து அரிப்பெடுத்தால் இது. கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல் கிடக்கிற பசுவுக்கு அந்தப் பெரிய பாட்டில், அதையும் சரசரவென்று ஏற்றினால் நெஞ்சு நின்றுவிடும். கடைசியாக ஒரு சின்னக் குப்பியை எடுத்து, "இது அட்ரினலின். போட்ட ஊசி ஒத்துக்காம மாடு விழுந்துச்சுன்னா இது ஒண்ணுதான் தூக்கி நிறுத்தும். ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்குள்ள குடுக்கணும்" என்றீர்கள்.

அந்தப் பாட்டில் தவிர எல்லாம் விரல் நீளக் குப்பி. எல்லாம் ஒரே மாதிரிக் கண்ணாடி. மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். மறுநாள் நான் வீட்டிலிருந்து நூல் கொண்டுவந்தேன். தையல் மெஷின் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரியிடம் வாங்கிய மிச்ச நூல். அட்ரினலினுக்குச் சிவப்பு, புல் விஷத்துக்குப் பச்சை, வீக்கத்துக்கு நீலம், அரிப்புக்கு வெள்ளை என்று குப்பியின் கழுத்தில் ரெண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நீங்கள் திட்டுவீர்களோ என்று பயமாக இருந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "அவசரத்துல எனக்கே இந்தப் பொடி எழுத்து தெரியாது, அக்கா. இனிமே எனக்கும் உங்க நூல்தான் கண்ணு."

எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு டாக்டருக்குக் கண் என்று என்னை யாராவது சொல்வார்களா?

தினமும் காலையில் பெருக்கியதும் ட்ரேமேல் இருக்கிற கறுப்புத் துணியை எடுப்பேன். வெளிச்சம் பட்டால் அட்ரினலின் கெட்டுப்போகும் என்று நீங்கள்தான் அந்தத் துணியைப் போட்டது. சிவப்பு நூல் கட்டிய குப்பிகளை ஒவ்வொன்றாகச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பேன். உள்ளே தண்ணீராகத் தெரிந்தால் நல்லது. டீத்தண்ணீர் நிறம் வந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு உங்களிடம் சொல்வேன். ஆறு குப்பிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆட்டுக்குக் கொஞ்சம் போதும், ஒரு மாட்டுக்கு ஐந்து வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஐந்து வருடம் முன்னால் அந்த ஆயுத பூசைக்கு நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதை நான் உங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. நீங்களும் கேட்டதில்லை.

ஆசைதான் டாக்டரம்மா. வேறொன்றும் இல்லை. லாரிக்காரன் லாரிக்குப் பொட்டு வைக்கிறான், தையல்காரி மெஷினுக்கு மாலை போடுகிறாள். நம் ஆயுதம் எது? கத்தரிக்கோலையும் ஊசியையும் துடைத்துச் சாமிமுன் வைத்தேன். அப்புறம் ட்ரே கண்ணில் பட்டது. உயிரைக் காக்கிற இதுதானே பெரிய ஆயுதம் என்று தோன்றிவிட்டது. குப்பிகளில் இருந்த நூலெல்லாம் அழுக்கேறிக் கிடந்தது. அழுக்கு நூலோடு சாமிமுன் எப்படி வைப்பது? எல்லாவற்றையும் அறுத்துப் போட்டேன். குப்பிகளைக் கழுவினேன். மஞ்சள் தடவிய புது நூலை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கட்டினேன். எழுத்து இருக்கிற நடுப்பகுதிதான் அகலமாக இருந்தது, அங்கே சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். விளக்கைச் சுற்றிப் பூ மாதிரி வட்டமாக அடுக்கினேன். நானே நின்று பார்த்துப் பூரித்துப் போனேன். பூசை முடிந்ததும் மறுபடி கலர் நூல் கட்டிக்கொள்ளலாம், ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். ஏரிக்கரைத் தெரு அஞ்சலை. அவளுடைய செவலைப் பசுவுக்கு மடிநோய், காம்பில் பால் திரிந்து வந்தது. "கொஞ்சம் லேட்டாயிட்ச்சு டாக்டரம்மா, பூச முடிஞ்சிட்சா?" என்று கேட்டுக்கொண்டே ஊசி போட மாட்டை நிறுத்துகிற இரும்புச் சட்டத்தில் விட்டாள். நீங்கள் பூசைக்காகத் தலையில் வைத்த பூவோடு வெளியே வந்து, மடியைப் பார்த்து, ஊசி போட்டீர்கள். அந்த ஊசியை அதற்கு முன்னால் நூறு மாட்டுக்குப் போட்டிருப்பீர்கள். அஞ்சலை மாட்டை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே கம்பவுண்டர் அண்ணன் தேங்காயைக் கையில் எடுத்தார்.

"டாக்டரம்மா! மாடு நடுங்குது! கண்ணெல்லாம் ஊதிகினு வருது!"

நான் எட்டிப் பார்த்தபோது செவலை முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தொங்கியது. நீங்கள் ஓடிக்கொண்டே திரும்பி ஒரே சத்தம்தான் போட்டீர்கள். "அக்கா, சிவப்பு நூல்!"

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் விளக்குமுன் போய்க் கையை நீட்டினேன். கம்பவுண்டர் அண்ணன், "இன்னும் கற்பூரம் காட்டலியேம்மா" என்றார். அவர்மேல் தப்பில்லை, வெளியே நடப்பது எவ்வளவு அவசரம் என்று அவருக்குத் தெரியாது. பூசைக்கு வைத்ததைப் பாதியில் எடுக்கக் கூடாது என்று எனக்கும் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் வாரினேன். மடியில் அள்ளிக்கொண்டு ஓடினேன். உங்கள்முன் கொட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் மஞ்சள் நூல். எல்லாம் சந்தனம். எது எதுவென்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அதில் கோபம் இல்லை. பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து துப்பட்டாவால் துடைக்க ஆரம்பித்தீர்கள். ஈரச் சந்தனம் எழுத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள், வைத்துவிட்டீர்கள். இன்னொன்று. "எதையாவது போடும்மா! சாவுது பாரு!" என்று அஞ்சலை கத்தினாள். "தெரியாத மருந்தை ஏத்த மாட்டேன்" என்றீர்கள். ஒன்று கிடைத்தது. ரெண்டு கிடைத்தது. அதை ஏற்றினீர்கள். மாட்டுக்கு ஐந்து வேண்டும். மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது செவலை கழுத்தை நீட்டி, ஒருதரம் மண்ணை உதைத்து, அடங்கிவிட்டது.

அஞ்சலைக்கு அந்த ஒரு மாடுதான். அந்தப் பாலில்தான் வீடு. அவள் முதலில் அழவில்லை. "ஊசி போட்டுக் கொன்னுட்டியேடி" என்றாள். அப்புறம் குனிந்து ரெண்டு கையாலும் மண்ணை வாரினாள். வாரித் தூற்றினாள். உங்கள் தலையில், முகத்தில், அந்தப் பூவில் எல்லாம் மண். "நீ நல்லா இருப்பியா? உன் வயிறு எரியாதா?" கூட்டம் கூடிவிட்டது. நீங்கள் கையைத் தூக்கி முகத்தைக்கூட மறைக்கவில்லை.

"ஊசி அதுக்கு ஒத்துக்கல. அது யார் கையிலயும் இல்ல. ஆனா காப்பாத்துற மருந்து இங்க இருந்துச்சு. எடுக்க நேரமாயிடுச்சு. அது என் தப்பு, அம்மா" என்றீர்கள்.

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் மடியில் சந்தனக் கறை இருந்தது. என் வாய் திறக்கவில்லை.

மேலே இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தீர்கள். அதில் என் பேர் இல்லை என்று கம்பவுண்டர் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஒரு வாரம் கழித்து, "அஞ்சல கிட்ட நான் போயி சொல்லிடறேன் டாக்டரம்மா" என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக்கூட வைக்கவில்லை. "சொல்லாதீங்க. உங்க பேரு வெளிய வந்தா மறுநாள் உங்களை நிறுத்திடுவாங்க. தினக்கூலிக்கு விளக்கம்கூடக் கேக்க மாட்டாங்க. என்னை நிறுத்த மாட்டாங்க. அவ்வளவுதான், அக்கா. போய் நூல் கட்டுங்க."

கட்டினேன். அன்றையிலிருந்து நீங்கள் ரெண்டு சட்டம் போட்டீர்கள். ஊசி போடுவதற்கு முன்னாலேயே ட்ரே மரத்தடி ஸ்டூலுக்கு வந்துவிட வேண்டும். ஊசி போட்ட எந்த மாடும் அரை மணி நேரம் மரத்தடியை விட்டு நகரக் கூடாது. சனங்கள் முணுமுணுத்தார்கள். "ஊசி போட நிமிசம், நிக்கிறதுக்கு அரமணியா? பஸ்சு போயிடும்மா." நீங்கள் விடவில்லை. அடுத்த வருடம் பூசைக்கு நான் சந்தனத்தோடு திகைத்து நின்றபோது, குப்பைக்குப் போக இருந்த காலிக் குப்பிகளைக் கழுவி என் கையில் கொடுத்தீர்கள். "சாமிக்குக் காலிக் குப்பி போதும். மாட்டுக்குத்தான் நெறஞ்ச குப்பி வேணும்."

உங்களுக்கு அந்தக் குதிரை ஞாபகம் இருக்கும். மாமல்லபுரத்தில் முகாம் போட்ட அன்றைக்கு, உங்கள் ஊர் என்பதால் உங்களையும் கூப்பிட்டிருந்தார்கள், நீங்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிற குதிரைகள் வரிசையாக நின்றன. ஒரு வெள்ளைக் குதிரைக்குக் காலில் ஆணி குத்திய புண். ஊசி போட்டீர்கள். குதிரைக்காரன் சிரித்துக்கொண்டே கடிவாளத்தைப் பிடித்தவன், திடீரென்று, "யம்மா, இன்னாமா இது, சாயுது!" என்றான். குதிரை மணலில் மடேரென்று விழுந்தது. நீங்கள் வாயைத் திறக்குமுன்னே என் கை சிவப்பு நூலில் இருந்தது. ஒன்று, ரெண்டு, மூன்று என்று கழுத்தை ஒடித்து ஒடித்துக் கொடுத்தேன். நீங்கள் உறிஞ்சி உறிஞ்சி ஏற்றினீர்கள். அலை வந்து உங்கள் செருப்பை இழுத்துக்கொண்டு போனது. யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குதிரை தலையைத் தூக்கியது. உதறிக்கொண்டு எழுந்தது. குதிரைக்காரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இன்னாமா பேட்டரி மாத்துன மாரி எழுந்துகிச்சு! அந்த மருந்த எனக்கு ஒண்ணு போடும்மா, காலைல எழவே முடியல!" எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் மட்டும் ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதேன். செவலையும் இப்படி எழுந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நீங்கள் வெறுங்காலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். சுண்டல் வாங்கிக் கொடுத்தீர்கள்.

ஆனால் ஏரிக்கரைத் தெரு நம்மிடம் வரவே இல்லை. அஞ்சலை வேறு ஒரு மாடு வாங்கினாள், அதையும் கொண்டுவரவில்லை. அவள் வராததால் அந்தத் தெருவே வரவில்லை. கோமாரி தடுப்பூசிக்கு நாம் வீடு வீடாகப் போனபோது மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டார்கள். "உங்க ஊசியும் வேணாம், நீங்களும் வேணாம்." ஒரு வருடம் கோமாரி வந்தது. அந்தத் தெருவில் மூன்று கன்று செத்தது. வாய்ப்புண்ணோடு நின்ற மாடுகளுக்கு நீங்கள் மருந்து கொடுத்தனுப்பினீர்கள், அதையும் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. நீங்கள் சொல்லாதே என்றீர்கள் என்பது ஒரு சாக்கு. எனக்கு வேலை வேண்டியிருந்தது. அதுதான் உண்மை.

உங்கள் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது ஊரில் ஒருத்தி, "அஞ்சல மண்ணத் தூத்துனா இல்ல, பலிச்சிட்ச்சு" என்றாள். தண்ணீர்க் குழாயடியில் வைத்துச் சொன்னாள். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளோடு சண்டை போட்டேன். என்ன சண்டை போட்டு என்ன, உண்மையைச் சொல்லவில்லையே.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்தேன். செங்கல்பட்டில் பஸ் மாறித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். உங்கள் வீட்டுச் சன்னலில் கடல் சத்தம் கேட்டது. பாதியாகப் போயிருந்தீர்கள். நான் உட்காருவதற்குள், "ட்ரே எங்க இருக்கு, அக்கா?" என்றீர்கள்.

"மேசமேலதான் கீது, டாக்டரம்மா."

"எத்தனை சிவப்பு?"

"ஆறு. நேத்துதான் பாத்தேன், ஒண்ணுகூட நெறம் மாறல."

கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினீர்கள். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "ஏரிக்கரைத் தெருதான் ஒண்ணு மிச்சம்" என்றீர்கள். அவ்வளவுதான். திரும்பி வருகிற பஸ்ஸில் அஞ்சலையிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்தவள் உடனே செய்தேனா? இல்லை. ஆடியில் நீங்கள் போனீர்கள். உங்கள் வீட்டு வாசலில் நின்றபோதுகூட நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. உங்கள் இடத்துக்குப் புது டாக்டர் வந்தார். நல்ல மாதிரி. ட்ரேயைப் பார்த்துவிட்டு, "இந்த நூலெல்லாம் எதுக்கும்மா? பெருசா லேபிள் அடிச்சு ஒட்டிடலாம். ட்ரேய பீரோல வெச்சுப் பூட்டிடுங்க, தூசி படுது" என்றார்.

"லேபிள் ஒட்டுங்க சார். நூலும் இருக்கட்டும். பீரோவுக்குள்ள மட்டும் போவாது" என்றேன்.

"ஏன்?"

அவரிடம்தான் முதலில் சொன்னேன். மஞ்சள் நூலிலிருந்து செவலை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். என் பேரைச் சொல்லியே சொன்னேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும் என்று நின்றேன். அவர் கொஞ்ச நேரம் ட்ரேயையே பார்த்தார். "மேசமேலயே இருக்கட்டும்" என்றார். இத்தனை வருடம் எதற்குப் பயந்தேன் என்று அன்றைக்கு என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன்.

போன வாரம் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். வாசலில் கரும்புத் தோகையை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா கன்னிம்மா, ஊசிக்கு ஆள் புடிக்க வந்தியா?" என்றாள்.

"இல்ல அஞ்சல. உன் செவல சேதி ஒண்ணு சொல்லணும்."

கத்தி நின்றது. நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் பாதியில் அழுதுவிடுவேன் என்று தெரியும். நூலை அறுத்தது, சந்தனம் வைத்தது, கை ஒரு கணம் நின்றது, எல்லாம். அவள் முழுதும் கேட்டாள்.

"அப்ப அந்தப் பொண்ணு மூஞ்சில நான் மண்ண அடிக்கறப்ப நீ அங்கதான் நின்னுகினு இருந்த?"

"ஆமா."

"பாத்துகினே இருந்த?"

"ஆமா."

"வாயத் தொறக்கல."

"தொறக்கல."

"இப்ப இன்னாத்துக்கு வந்த? அவ செத்துட்டான்னு தெகிரியமா?"

"சொல்லாதன்னு சொல்லிகினு இருந்தாங்க. இப்ப தடுக்க ஆளு இல்ல. வேல போனா போவட்டும். உன் மாட்ட சாவ விட்டது நானு. அவங்க இல்ல. உன் தெருவுக்கே இத நீ சொல்லு, இல்லன்னா நான் ஒவ்வொரு வூடா போயி சொல்றேன்."

அவள் எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தேன். அவள் என் முகத்துக்கு நேராக நின்று, "போயிடு" என்றாள். நான் திரும்பி நடந்தேன். ரெண்டு வீடு தாண்டியிருப்பேன்.

"ஏய் கன்னிம்மா! அந்த நூலு இருந்திருந்தா மாடு பொழச்சிருக்குமா?"

பொய் சொல்லி அவளைத் தேற்றலாம். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

"பொழச்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன். மாமல்லபுரத்துல ஒரு குதிர அதே மருந்துல பொழச்சுது."

அவள் கத்தியை எடுத்து மறுபடி தோகையை நறுக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

இன்று சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு மரத்தடியில் நின்றேன் என்று சொன்னேன் அல்லவா, அப்போது தெருவில் மணிச் சத்தம் கேட்டது. அஞ்சலைதான். இன்னும் கன்று போடாத ஒரு கிடாரியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கறுப்பு, நெற்றியில் வெள்ளை. அந்த மரத்தடியில் அவள் காலடி பட்டு ஐந்து வருடம் இருக்கும். மாட்டைக் கட்டிவிட்டு என்னிடம் நேராக வந்தாள்.

"கோமாரி ஊசி போட வந்தேன். மொதல்ல அந்த நூலக் காட்டு."

ட்ரேயை ஸ்டூலில் வைத்துக் கறுப்புத் துணியை எடுத்தேன். அவள் குனிந்து சிவப்பு நூல் கட்டிய குப்பிகளை விரலை வைத்து எண்ணினாள். "ஆறு கீது."

"மாட்டுக்கு அஞ்சு போதும். ஒண்ணு மேல."

"இன்னிக்கும் பூசதான? சாமிகிட்ட வெக்கலியா?"

"சாமிக்குக் காலிக் குப்பி."

அவளுக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புது டாக்டர் ஊசி போட்டார். "அரை மணி நேரம் இங்கயே இருக்கணும்மா" என்று அவர் சொல்லுமுன்பே அவள் ட்ரேயைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு மாட்டின் முன் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கம்பவுண்டர் அண்ணன், "பூசைக்கு வாங்கம்மா, நேரமாவுது" என்று கூப்பிட்டார். "இரு அண்ணாத்த, சாமி எங்கியும் ஓடிப்போவாது" என்றாள் அஞ்சலை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் கிடாரியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அசை போட்டது, வாலால் ஈயை விரட்டியது, சாணி போட்டது.

"இந்த அரமணி அவ போட்ட சட்டமா?" என்று அஞ்சலை கேட்டாள்.

"உன் செவலைக்கு அப்புறம் போட்டது."

அவள் குப்பிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ வந்து சொல்லிட்ட. உன் பாரம் எறங்கிச்சு. நான் அந்தப் பொண்ணு தலையில அடிச்ச மண்ண எங்க போயி எடுப்பேன்?"

என் பாரம் இறங்கவில்லை என்று சொல்லலாம். அது அவளுக்கு என்ன ஆறுதல்? தெரிந்ததைச் சொன்னேன். "உன் தெருவ கூட்டிகினு வா. அவங்க கடைசியா என்கிட்ட கேட்டது அதான்."

அரை மணி நேரம் ஆனது. அவள் எழுந்து ட்ரேயை ஸ்டூலில் வைத்தாள். கறுப்புத் துணியை அவளே இழுத்து நான்கு பக்கமும் மூடினாள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, "பதினோரு மாடு. லீவு முடிஞ்சு திங்கக்கெழம வர்றோம். டாக்டர எங்கியும் போவாம இருக்கச் சொல்லு" என்றாள். கிடாரியின் மணிச் சத்தம் போன பிறகுதான் நான் உள்ளே போய்க் காலிக் குப்பிகளுக்குச் சந்தனம் வைத்தேன்.

டாக்டரம்மா, நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கேட்டால் "அவ்வளவுதான், அக்கா" என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். ஏரிக்கரைத் தெரு மிச்சம் என்றீர்களே, அது வருகிறது என்று சொல்லத்தான் எழுதினேன்.

என் சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நூல்கண்டு எப்போதும் இருக்கும். ஊருக்குப் போனாலும் இருக்கும், தூங்கும்போதும் தலைமாட்டில் இருக்கும். பதினோரு மாடு என்றதும் புது டாக்டர் இன்னும் பத்துக் குப்பி அட்ரினலின் எழுதிப் போட்டிருக்கிறார். நூலை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாறு குப்பிக்குத்தான் வரும். இப்போது மணி நாலாகப் போகிறது. இதை மடித்து வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். செங்கல்பட்டில் கடை சாத்துவதற்குள் ஒரு கண்டு வாங்க வேண்டும்.

கன்னியம்மாள்